புலி வருது, புலி வருது: காவல்கூலியிலிருந்து பல்லி வரை

வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைக்கிறவங்க எல்லாரும் வைக்கும்போது திருடனைப் பத்திதான் யோசிக்கிறாங்க. வச்சு ஒரு மாசம் ஆச்சுன்னா திருடன் மறந்து போயிருவான். ராத்திரி ரெண்டு மணிக்குக் காரணமே இல்லாம அலறுற அந்தப் பெட்டியை எப்படி வாயை மூட வைக்கிறதுங்கிறதுதான் அப்புறம் முழுநேரக் கவலை.

இது நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் வேலையோட லட்சணம்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்க நீதித்துறை 2001ல போலீசுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. தலைப்பே பொய்யான திருட்டு அலாரங்கள்தான். போலீசுக்கு வர்ற அலாரம் அழைப்புகளில் 94லிருந்து 98 சதவீதம் பொய் என்கிறது அது. சில ஊர்களில் அதுக்கும் மேல.

இதுக்குப் பின்னால இருக்கிற கணக்கு ரொம்ப எளிசு. ஒரு பேச்சுக்கு, உங்க வீட்டுக்கு இருபது வருஷத்துக்கு ஒரு தடவை திருடன் வர்றான்னு வச்சுக்குவோம். அலாரம் மாசத்துக்கு ஒரே ஒரு தடவைதான் தப்பா அடிக்குது. நல்ல பெட்டிதானே? இருபது வருஷத்துக்கு 240 பொய், ஒரு நிஜம். 241ல 240, அதாவது 99.6 சதவீதம் பொய். பெட்டி மோசமா இருக்கணும்னு அவசியமே இல்லை. திருடன் அபூர்வமா வர்றதே போதும்.

அப்போ கேள்வி பெட்டியைப் பத்தினது மட்டும் இல்லை. மணி அடிச்சா எந்திரிச்சுப் போய்ப் பாக்கிறது யாரு? தப்பா அடிச்சா நஷ்டம் யாருக்கு? அடிக்காம விட்டா நஷ்டம் யாருக்கு? இந்த மூணு கேள்விக்கும் நம்ம திருநெல்வேலிச் சீமையில கரண்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு பதில் இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடி போவோம். மதுரைக்காஞ்சியில ராத்திரி மதுரையைச் சொல்ற இடத்துல திருடர்கள் வர்றாங்க. சும்மா இல்லை, நூலேணி, தோண்டுறதுக்கு உளின்னு ஃபுல் கிட்டோட. அவங்களைப் பிடிக்கிற ஊர்க்காவலர்களும் வர்றாங்க. நடுராத்திரி கொட்டுற மழையிலும் அவங்க சுத்திக்கிட்டே இருக்காங்க என்பதுதான் அங்க பெருமையாச் சொல்லப்படுற விஷயம். சென்சார், பேட்டரி, சைரன் மூணும் ஒரே ஆள் :-)

சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்'னு ஒரு சொல் அடிக்கடி கண்ணுல படும். ஊர்க்காவலுக்காக ஊர் கொடுக்கிற வரி அல்லது அந்த வரியை வாங்குற உரிமை. காவல் என்பது அப்பவே காசு கொடுத்து வாங்குற சேவை. அந்த உரிமை கைமாறவும் செய்திருக்கு.

பாளையக்காரர் காலத்துக்கு வரும்போது இது ரெண்டு அடுக்கா ஆயிருது. ஒண்ணு தலங்காவல், அதாவது ஒரு ஊரோட சொந்தக் காவல். இன்னொண்ணு தேசகாவல் அல்லது திசைக்காவல். இது பாதைகளுக்கும் ஒரு வட்டாரத்துக்கும் சேர்த்து. திருநெல்வேலிப் பக்கம் காவல் பெரும்பாலும் மறவர் கையில இருந்தது, மதுரைப் பக்கம் கள்ளர் கையில. பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்துக்கு வெளியே இருக்கிற ஊர்களிலும் தேசகாவல் கூலி வசூலிச்சாங்க. 1881ல வந்த கால்டுவெல்லோட திருநெல்வேலி சரித்திரத்தில் இதெல்லாம் இருக்கு.

எனக்கு இதுல பிடிச்ச ஷரத்து இதுதான்: உங்க மாடு களவு போச்சுன்னா காவல்காரர் அதைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வரணும். முடியலைன்னா அதோட மதிப்பைக் கொடுக்கணும். கூலி வாங்குறவன்தான் நஷ்டத்துக்கும் பொறுப்பு. இன்னைக்கு எந்த அலாரம் கம்பெனி இந்த மாதிரி கையெழுத்துப் போடும்? உத்தரவாத அட்டையைத் திருப்பிப் பாருங்க. பெட்டி கெட்டுப் போனா பெட்டியை மாத்திக் கொடுப்பாங்க. வீட்டுல போன நகை உங்க பாடு.

இந்த ஒரு ஷரத்து பொய் அலாரம் பிரச்னையையே வேற மாதிரி ஆக்கிருது. காவல்காரரே பார்க்கிறார், அவரே போய் விசாரிக்கிறார், தப்பினா அவரே கட்டுறார். நாய் குரைச்சதுக்கெல்லாம் ஊரை எழுப்பினா அவர் மானம்தான் போகும். கண்டும் காணாம தூங்கினா அவர் துட்டு போகும். அலாரம் வைக்கிறவங்க பாஷையில சொன்னா சென்சிட்டிவிட்டி திருகாணி, விளைவை அனுபவிக்கிற ஆள் கையிலேயே இருந்துச்சு.

இப்படிச் சொன்னதும் 'ஆகா, பொற்காலம்'னு கிளம்பிராதீங்க. இதோட இன்னொரு பக்கம் 'துப்புக்கூலி'. களவு போன பொருள் எங்க இருக்குன்னு துப்புச் சொல்றதுக்குக் கூலி. துப்புச் சொன்னவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. காவல்கூலி கொடுக்க மாட்டேன்னு சொன்ன ஊரில் மறுமாசமே மாடுகள் காணாமப் போகும்னு ஜில்லா கெஸட்டியர்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க. எழுதினவங்க வெள்ளைக்கார அதிகாரிகள், காவல்காரர்களை ஒழிக்கணும்னு நினைச்சவங்க. அதனால உப்புப் போட்டுத்தான் படிக்கணும். ஆனாலும் முழுக்கப் பொய்னு தள்ளவும் முடியாது. திருடனும் காவல்காரனும் ஒரே ஆளா இருக்கிற வாய்ப்பு அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கு.

1799ல கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு, 1801ல பாளையப் போர்கள் முடிஞ்சதும், கம்பெனி முதல்ல கை வச்ச விஷயங்களில் தேசகாவலும் ஒண்ணு. ஆயுதம் வச்சுக்கிட்டு வசூல் பண்ற இன்னொரு ஆளு அவங்களுக்கு எதுக்கு? 1816ல ஊர்த் தலைவர்கள் மூலமா போலீஸ் வேலை நடக்கணும்னு ஒரு ஒழுங்குமுறை, 1859ல சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம். காகிதத்தில் காவல் முறை முடிஞ்சு போச்சு. ஊருக்குள்ள முடியலை. 1917ல பேட் எழுதின திருநெல்வேலி கெஸட்டியர் வரைக்கும் அது பேசப்படுது. போலீஸ் ஸ்டேஷன் பல மைல் தூரத்துல இருந்தா யாரு ராத்திரி நடந்து போய் எழுதிக் கொடுப்பா?

இப்ப நம்ம கதையிலேயே ரொம்ப சுவாரசியமான இடம். 1896ல திண்டுக்கல் பக்கம் ஆரம்பிச்சு ஒரு இயக்கம் பரவுது. சம்சாரிகள் கூட்டம் கூட்டமாச் சேர்ந்து, கலப்பைக் கொழுவைத் தொட்டுச் சத்தியம் பண்றாங்க: இனிமே கள்ளர் காவல் வேண்டாம். தங்களுக்குள்ளேயே காவலுக்கு ஆள் போடுறாங்க. அவங்களுக்குச் சம்பளம் கொடுக்கவும், களவு கொடுத்தவங்களுக்கு ஈடு கட்டவும் ஒரு பொது நிதி சேர்க்கிறாங்க. ஃபண்டு என்பதுதான் ஊர் வாயில 'பண்டு' ஆகி, இயக்கத்துக்கே அந்தப் பேரு நின்னுருச்சு. அதோட ஊருக்கு ஒரு ஊதுகொம்பு. திருடன் வந்தா அதை ஊதணும். கொம்புச் சத்தம் கேட்டும் வெளியே வராதவங்களுக்கு அபராதம்!

1906ல பிரான்சிஸ் எழுதின மதுரை கெஸட்டியரில் இந்த அபராத விஷயத்தைப் படிச்சதும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். அலாரத்தோட உண்மையான பலவீனம் எதுன்னு அந்த ஆட்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருக்கு. கொம்பு ஊதாம போறது இல்லை. ஊதியும் ஆள் வராம போறதுதான். அதனால விதியை அங்க வச்சாங்க. பொய்யா ஊதினவனுக்கு என்ன தண்டனைன்னு கெஸட்டியர்ல இல்லை. ஆனா ஊரே எந்திரிச்சு வந்து நிக்கும்போது ஊதினவன் மூஞ்சி எல்லாருக்கும் தெரியும். தனியா அபராதம் வேற வேணுமா?

அந்த இயக்கத்துல அடிதடியும் தீவைப்பும் நடந்தது. காவலை நம்பிப் பிழைச்ச குடும்பங்களுக்கு வருமானம் போச்சு. அடுத்து அரசாங்கம் செஞ்ச காரியத்தைத்தான் நான் இந்த மொத்த வரலாற்றிலும் மிகப் பெரிய பொய் அலாரம்னு சொல்வேன். 1871ல வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருத்தன் திருடினானான்னு பார்க்கிறதில்லை, எந்தச் சாதியில் பிறந்தான்னு பார்த்துக் கைரேகை எடுத்து, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுன்னு சொல்றது. கோடிக்கணக்கான ரூபாய் சென்சாரும் இவ்வளவு மட்டமா வேலை செய்யாது. 1920 ஏப்ரல் 3 அன்னைக்குப் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்ன ஜனங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்து, ஒரு பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தாங்க. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தாக 1947 வரைக்கும் ஆச்சு. பல தலைமுறை ஊரைக் காத்த கூட்டத்தை மொத்தமா 'திருடன்'னு பதிவு பண்ணி வச்சிருந்த சட்டம்.

இங்க இப்படி இருக்கும்போது அமெரிக்காவுல மணிக்குக் கரண்டு வந்துருச்சு. மாசசூசெட்ஸ் மாநிலத்துல சோமர்வில்னு ஒரு ஊர். அங்க அகஸ்டஸ் ரஸ்ஸல் போப்னு ஒரு பாதிரியார், 1853 ஜூன் 21ல காப்புரிமை வாங்கினார். கதவோ ஜன்னலோ திறந்தா சர்க்யூட் மூடிக்கும், மின்காந்தம் மணியை அடிக்கும். 1857ல எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை வாங்கி, நியூயார்க்கில் பெரிய வியாபாரமா ஆக்கினார். பிற்பாடு வீடுகளிலிருந்து கம்பி இழுத்து ஒரு மையத்தில் ஆள் உக்காந்து கவனிக்கிற ஏற்பாடும் வந்தது.

போப்போட சர்க்யூட்டில் ஒரு ஓட்டை உண்டு. கம்பியை வெட்டிட்டா மணி அடிக்கவே அடிக்காது. அதனால பின்னாடி தலைகீழா மாத்தினாங்க. எப்பவும் கரண்டு ஓடிக்கிட்டே இருக்கும், அது நின்னா அலாரம். இப்ப திருடன் கம்பியை வெட்டினா மணி அடிக்கும். ஆனா எலி கடிச்சாலும் அடிக்கும், ஸ்க்ரூ துருப்பிடிச்சாலும் அடிக்கும். ஒரு ஓட்டையை அடைச்சா இன்னொரு பக்கம் பிதுங்குது. அலாரம் இன்ஜினியரிங் முழுக்க இந்த ஒரு பேரம்தான்: எத்தனை பொய்யைப் பொறுத்துக்கிட்டா ஒரு நிஜம் தப்பாது?

இதெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் பத்தமடையில் இருக்கிற எங்க ஆச்சி வீடு. ஆச்சி தனியா இருக்கா. சென்னைக்கு வரமாட்டா. கன்னடியன் கால்வாய்த் தண்ணியை விட்டுட்டு மெட்ரோ வாட்டர் குடிக்கணுமான்னு கேப்பா. அதனால வீட்டுக்கு அலாரம் வச்சோம். பட்டாசல்ல ஒரு பி.ஐ.ஆர் சென்சார், முன்வாசலுக்கும் புறவாசலுக்கும் காந்த சுவிட்சு, தார்சாவுல சைரன். வாரத்துக்கு நாலு தடவை அலறுச்சு. அது பரவாயில்லை. மேல வீட்டு அண்ணாச்சி சாதாரணமா ஒரு வார்த்தை சொன்னார், அதுதான் வயித்தைக் கலக்கிருச்சு: "நேத்து ராத்திரியும் கேட்டுச்சு தம்பி. அதான் தெனம் அடிக்குதே, என்னத்த எந்திச்சு வர?"

அலாரம் வைக்கிறதுக்கு முன்னாடி ஆச்சி லேசா இருமினாலே எட்டிப் பாக்கிற தெரு அது.

லாக் இல்லாம டிபக் இல்லை. ஆச்சிகிட்ட அது அடிக்கிறப்பல்லாம் தினசரி காலண்டர் தாள்ல மணியை எழுதி வைக்கச் சொன்னேன். எழுதினதோட 'கரண்டு வந்துச்சு', 'நல்ல காத்து'ன்னு தானாவே குறிப்பும் போட்டிருந்தா. எங்க டீம்ல பாதிப் பேரை விட நல்லா எழுதியிருந்தா, சத்தியமா. ஆறு வாரத் தாளை விரிச்சு வச்சுப் பார்த்ததும், ஒரே நோய்னு நினைச்சது நாலா பிரிஞ்சிருச்சு.

முதல் கூட்டம், கரண்டு போய்த் திரும்பி வந்த நேரங்கள். இது சுலபம். பெட்டிக்குள்ள இருக்கிற 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தது. சும்மா மீட்டர் வச்சா 12.6 காட்டும், லோடு கொடுத்தா 9க்கு விழும். கரண்டு போனதும் பெட்டி பாதி மயக்கத்துக்குப் போய், எழும்போது அலறிக்கிட்டே எழும். பேட்டரியை மாத்தியாச்சு.

ரெண்டாவது, காத்து நாட்கள். எங்க பக்கம் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியா மேல்காத்து பிடுங்கி எடுக்கும். பழைய குடுமிக் கதவு, தாழ் போட்டாலும் ஆடும். காந்த சுவிட்சுக்குள்ள இருக்கிறது ரீட் சுவிட்ச். பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936ல உருவாக்கினது. கண்ணாடிக் குழாய்க்குள்ள ரெண்டு மெல்லிய இரும்பு நாக்கு. காந்தம் பக்கத்துல இருந்தா ஒட்டும், விலகினா பிரியும். கதவு ஆடும்போது காந்தம் எல்லைக்கோட்டுல நிக்குது. இடைவெளி கூடுதலாத் தாங்குற சுவிட்சு ஒண்ணு வாங்கி, கதவு இடுக்குல ஆசாரியை வச்சு ஒரு மரத்துண்டும் அடிச்சாச்சு.

மூணாவதுதான் என்னைத் திணற அடிச்சது. ஆச்சி மத்தியானம் வீட்டைப் பூட்டி அலாரத்தைப் போட்டுட்டு எதிர்வீட்டுக்குப் பேசப் போவா. வெயில் நாளில் சாயங்காலம் மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவுல அடிக்கும். மேகம் போட்ட நாளில் இல்லை. பி.ஐ.ஆர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் இது பிடிபடும். அது ஆளைப் பார்க்கிறதில்லை, வெக்கையைப் பார்க்குது. உள்ளே ரெண்டு சில்லு, ஒண்ணுக்கொண்ணு எதிரெதிரா இணைச்சிருக்கும். அறை முழுசும் ஒண்ணாச் சூடானா ரெண்டும் கழிஞ்சு போயிரும். முன்னாடி இருக்கிற பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல பட்டைகளா வெட்டிக் காட்டும். சூடான ஒரு பொருள் பட்டை விட்டுப் பட்டை நகர்ந்தா, ஏறி இறங்குற துடிப்பு வரும். அதுதான் 'ஆள்'.

எங்க பட்டாசலோட மேற்கு ஜன்னல்ல, வெயிலை மறைக்க ஆச்சி ஒரு பாயைத் தொங்கப் போட்டிருந்தா. பத்தமடைப் பாய்தான், வேற என்ன. 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் போன அந்த ரகப் பட்டுப்பாய் இல்லை, சாதாரணக் கோரை. மத்தியான வெயில்ல அது காஞ்சு சூடேறும், காத்துல மெதுவா ஆடும். சென்சார் கண்ணுக்கு அது ஆள் உசரத்துக்கு, ஆள் சூட்டுக்கு, தயங்கித் தயங்கி நடக்கிற உருப்படி. திருடனை வரையச் சொன்னா இதை விடச் சரியா வரைய முடியாது. பாயை எடுக்க ஆச்சி சம்மதிக்கலை. சென்சாரை எதிர்ச் சுவருக்கு மாத்தினேன், ஜன்னல் இப்ப அது பார்வையிலேயே இல்லை.

இதுல நம்ம ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம் உண்டு. உடம்புத் தோல் சூடு 33, 34 டிகிரி. சித்திரை, வைகாசி மத்தியானத்துல பட்டாசல் சுவரும் கிட்டத்தட்ட அதே சூட்டுல இருக்கும். அப்போ நிஜ ஆள் நடந்து போனாலும் சுவருக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. குளிர்நாட்டுக் கணக்குல செஞ்ச பொருள் இங்க பாயைத் திருடன்கும், திருடனைச் சுவருங்கும்.

நாலாவது, ராத்திரி ரெண்டுக்கு மேல, எந்த ஒழுங்கும் இல்லாம. குற்றவாளி டியூப்லைட் பட்டிக்குப் பின்னாடி குடியிருந்த பல்லி. பல்லிக்கு ரத்தம் குளிர்ச்சிதான். ஆனா சோக் சூட்டுல படுத்திருந்துட்டு, பூச்சி பிடிக்க லென்ஸ் மேலேயே ஊர்ந்தா, அவ்வளவு கிட்டத்துல சென்சாருக்கு அது யானை. கெவுளி சொன்னா பலன் உண்டுன்னு ஆச்சி நம்புவா. இந்தத் தடவை பலன் தெரு முழுக்கக் கேட்டுச்சு. கம்பி வர்ற ஓட்டையை சிலிக்கான் வச்சு அடைச்சு, டியூப்லைட்டை நாலடி தள்ளி மாட்டி, பட்டாசலுக்கு ரெட்டை சென்சார் போட்டேன். வெக்கையைப் பார்க்கிற ஒண்ணும் மைக்ரோவேவ் அனுப்பி அசைவைப் பார்க்கிற ஒண்ணும் சேர்ந்து 'ஆமா'ன்னு சொன்னாத்தான் மணி. ரெண்டு சாட்சி கேக்கிற பஞ்சாயத்து மாதிரி.

வாரத்துக்கு நாலு என்பது ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு குறைஞ்சுது. பூஜ்யம் ஆகலை, ஆகவும் செய்யாது. மேலே போட்ட கணக்குப்படி, வருஷத்துக்கு ஆறு பொய் அடிச்சாலே தெருவுக்குப் பழகிரும். மீதி வேலை கம்பிக்கு வெளியே இருக்கு.

அமெரிக்காவில் உப்பு ஏரி நகரம், அதாங்க சால்ட் லேக் சிட்டி, 2000 டிசம்பரில் இதைத்தான் செஞ்சது. மணி அடிச்ச உடனே போலீஸ் வராது. முதல்ல ஒரு ஆள், பெரும்பாலும் அலாரம் கம்பெனி அனுப்புற தனியார் காவலர், போய்ப் பார்த்து நிஜம்னு சொல்லணும். போலீஸ் போக வேண்டிய அலாரம் அழைப்புகள் ஏறக்குறைய 90 சதவீதம் குறைஞ்சு போச்சு. கம்பெனிகள் கத்தினாங்க, திருடர்களுக்குக் கொண்டாட்டம்னாங்க. நகரம் பின்வாங்கலை. கூலி வாங்குறவன் போய்ப் பார்க்கட்டும். நம்ம தலங்காவல்தான், ஈடு கட்டுற ஷரத்து மட்டும் இல்லாம.

பத்தமடையில் இப்போ ஏற்பாடு இதுதான். பெட்டி முதல்ல சைரன் அடிக்காது. மேல வீட்டு அண்ணாச்சி போனுக்கும் என் போனுக்கும் மணி அடிக்கும், ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் சைரன். அண்ணாச்சிகிட்ட ஒரு சாவி இருக்கு. தார்சா அழி வழியா டார்ச் அடிச்சுப் பார்ப்பார், ஆச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பொய்யா இருந்தா சைரன் வர்றதுக்குள்ள நிறுத்திருவார். நிஜமா இருந்தா அது அடிக்கட்டும், அப்ப தெரு எந்திரிக்கும், ஏன்னா அந்தச் சைரன் சத்தம் இப்ப அபூர்வம். போன ஐப்பசியில் ஒரு தடவை அப்படிப் போய்ப் பார்த்தப்ப திருடன் இல்லை, ஆச்சி புறவாசப்படியில் வழுக்கி விழுந்து கிடந்தா. கதவைத் திறந்து வெளியே போனதுல மணி அடிச்சிருக்கு. கணக்குப்படி அதுவும் பொய் அலாரம்தான். காலண்டர் தாள்ல நான் அதை எந்தப் பக்கமும் சேர்க்கலை.

கூலி என்னன்னு அண்ணாச்சிகிட்ட கேட்டேன். துட்டு பத்திப் பேசினா சாவியைத் திருப்பிக் கொடுத்துருவேன்னுட்டார். புறவாசல் முருங்கையில வேணுங்கிறப்ப காய் பறிச்சுக்கிறதுன்னு பேச்சு. காய் குறையுதுன்னு ஆச்சி மட்டும் அப்பப்ப எனக்கு போன் பண்ணி அலாரம் அடிக்கிறா.